மூன்று நிறத்தில் முடிப்பது எப்படி: கடை போர்டு, சேலை, வீட்டுச் சுவர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூருவில் கடை திறப்பவர்களும், ஃபிளாட்டுக்குப் பெயின்ட் அடிப்பவர்களும், கல்யாண வேலையில் இறங்கியவர்களும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எந்த மூணு கலர் நல்லா இருக்கும்?" அதற்குப் பதில் சுலபம். சேராத மூன்று நிறம் என்று அனேகமாக எதுவும் கிடையாது. எது எவ்வளவு இருக்க வேண்டும், எதன் மேல் விழப்போகிறது என்ற இரண்டு இடங்களில்தான் காரியம் கெடும். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியவை.

ஏன் மூன்று? இரண்டு போதாதா?

போதும். ஒன்று பின்னணி, ஒன்று எழுத்து என்று இரண்டோடு நிற்கும் நல்ல லோகோக்கள் நிறைய உண்டு. ஆனால் விலை, பட்டன், தொலைபேசி எண் என்று "இங்கே பார்" எனச் சொல்ல வேண்டிய இடம் ஒன்று வந்ததும் இரண்டும் ஏற்கெனவே வேலையில் இருக்கும். மூன்றாவது நிறம் அதற்குத்தான். நான்காவது வந்தால் கண் எங்கே போவது என்று தடுமாறும். செலவுக் காரணமும் உண்டு: ஸ்கிரீன் பிரின்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன், தனிப் பூச்சு.

60-30-10 என்கிறார்களே, அதை எப்படி அளப்பது?

முதல் நிறம் பரப்பில் 60 பங்கு, இரண்டாவது 30, மூன்றாவது 10. இது சட்டம் கிடையாது, கைக்கணக்கு. 70-25-5 கூட நன்றாகவே இருக்கும். ஆனால் 40-30-30 ஆகிவிட்டால் மூன்றும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும்.

அளக்க ஒரு சுலபமான வழி: கதவருகே நின்று அறையை ஒரு போட்டோ எடுங்கள். கடை போர்டு என்றால் எதிர்ச்சாரியில் நின்று எடுங்கள். படத்தின் மேல் 10-க்கு 10 என்று கட்டம் போட்டால் 100 சதுரம் வரும். எந்த நிறம் எத்தனை சதுரம் என்று எண்ணிவிடலாம். தரைப்பரப்பு, சுவர்ப்பரப்பு என்று டேப் பிடித்து அளப்பதைவிட இது நம்பகமானது. சோஃபாவுக்குப் பின்னால் மறையும் சுவர் கண்ணுக்குக் கணக்கில்லையே.

ஒன்றைக் கழித்துக்கொள்ள வேண்டும். எலுமிச்சை மஞ்சள், ராணி பிங்க் போன்ற பளிச் நிறங்கள் 5 சதுரம் இருந்தாலே 10 மாதிரி தெரியும். அவற்றைப் பாதியாகக் குறையுங்கள்.

மெட்ரோவில் ஊதா, பச்சை, மஞ்சள் என்று மூன்று தடங்கள் ஓடுகின்றன. அங்கே மூன்றும் சமபலத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் அவை மூன்று வெவ்வேறு வழிகளின் அடையாளம். அதைப் பார்த்து லோகோவிலும் மூன்றைச் சமமாக வைப்பவர்கள் இருக்கிறார்கள். அடையாளக் குறியீடு வேறு, நிறச் சேர்க்கை வேறு.

கறுப்பும் வெள்ளையும் கணக்கில் வருமா?

அச்சில் வெள்ளை என்பது வெறும் காகிதம், அதற்கு மை கிடையாது. கறுப்பு ஒரு மை. பார்வைக்கோ இரண்டும் நிறம்தான். பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் எண்ணுங்கள், குறைந்தால் விட்டுவிடுங்கள். வெள்ளைச் சுவர், வெள்ளை சீலிங், அதற்கு மேல் "மூன்று நிறம்" என்றால் உண்மையில் அது நான்கு.

எந்த நிறத்திலிருந்து தொடங்குவது?

மாற்ற முடியாததிலிருந்து. ஃபிளாட்டில் அது தரை டைல்ஸும் கதவு மரமும். மல்லேஸ்வரம், பசவனகுடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் சிவப்பு ஆக்சைடு தரை. அப்படியானால் ஒரு நிறம் உங்களுக்காக ஏற்கெனவே முடிவாகிவிட்டது, மீதி இரண்டைத்தான் நீங்கள் தேட வேண்டும். கல்யாணத்தில் மாற்ற முடியாதது முகூர்த்தச் சேலை. கடைக்கு, அடுத்தடுத்த கடைகளின் போர்டு நிறங்கள். வரிசையில் நாலு கடை பச்சை என்றால் ஐந்தாவது பச்சை கண்ணில் படாது.

அதன்பின் வரிசை இப்படி: பெரும்பங்கு நிறம், அதைவிட இரண்டு படி அடர்த்தியாகவோ வெளிறியோ இருக்கும் துணை நிறம், கடைசியில் எடுப்பு நிறம். எடுப்பு நிறத்தை முதலில் காதலித்துவிட்டு மற்ற இரண்டையும் அதற்கு ஏற்றபடி தேடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு.

தேர்ந்ததும் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து போனில் போட்டோ எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். மூன்றும் மூன்று வேறு சாம்பலாகத் தெரிய வேண்டும். இரண்டு ஒரே சாம்பலாக வந்தால் அவற்றில் ஒன்றை எழுத்தாகவும் மற்றதைப் பின்னணியாகவும் வைக்கவே கூடாது.

நிறச் சக்கரத்தில் எதிரெதிர் நிறம் எடுக்கச் சொல்கிறார்கள். ஒவ்வொரு சக்கரமும் ஒவ்வொன்று காட்டுகிறதே?

இரண்டு சக்கரங்கள் புழக்கத்தில் இருப்பதால் வரும் குழப்பம் இது. ஓவியர்களின் சக்கரத்தில் சிவப்புக்கு எதிரே பச்சை. திரையின் சக்கரத்தில் சிவப்புக்கு எதிரே சியான், அதாவது பச்சை கலந்த நீலம். இணையத்தில் உள்ள கருவிகளில் பல இரண்டாவதைக் காட்டும். பெயின்ட், துணி என்றால் முதலாவதும், திரை வேலை என்றால் இரண்டாவதும் பழக்கத்துக்கு வசதி.

எதிரெதிர் நிறத்தைச் சுத்தமாக, சம அளவில் வைத்தால் ஓரம் நடுங்குவதுபோல் தெரியும். அதனால் நேர் எதிரை விட்டு அதன் இரண்டு பக்கத்து நிறங்களை எடுங்கள், சக்கரத்தில் 150 பாகை, 210 பாகை. 120 பாகை இடைவெளியில் மூன்று எடுக்கும் முறையும் உண்டு. அதில் மூன்றையும் முழு வீச்சில் விட்டால் குழந்தைகள் பள்ளிச் சுவர் மாதிரி ஆகிவிடும். ஒன்றை மட்டும் பளிச்சென்று விட்டு மற்ற இரண்டை மங்கலாக்க வேண்டும்.

காஞ்சிப் பட்டில் உடல், கரை, முந்தி என்று மூன்று நிறம் வருகிறதே, அதுவும் இந்தக் கணக்கா?

அதேதான், இந்தக் கைக்கணக்குக்குப் பெயர் வைப்பதற்கு வெகுகாலம் முன்பே தறியில் இருந்தது. ஐந்தரை மீட்டர் சேலை, 48 அங்குல அகலம், இரு பக்கமும் 4 அங்குலக் கரை, ஒரு மீட்டர் முந்தி என்று வைத்துக் கணக்குப் போட்டால் உடல் 68 பங்கு, கரை 14, முந்தி 18 வருகிறது. கட்டிய பிறகு கொசுவத்தில் உடல் மடிந்து ஒளிந்துகொள்ளும். முந்தி தோளில் முழுதாகத் தெரியும். ஆக, பார்ப்பவர் கண்ணில் படுவது கிட்டத்தட்ட 60-30-10-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

கோர்வைச் சேலையில் உடலுக்கும் இரு கரைக்கும் தனித்தனி ஊடை (குறுக்கு நூல்), அதை இழுத்துப்போக மூன்று தறி நாடாக்கள் ஓடும். மாம்பழ மஞ்சளுக்கு அரக்குக் கரை துளிக்கூடக் கலக்காமல் கோடு போட்டாற்போல் நிற்பது அதனால்தான். கோர்வை இல்லாத சேலையில் உடலின் ஊடையே கரைக்குள்ளும் ஓடும், கரையின் நிறம் கொஞ்சம் உடலின் பக்கம் சாய்ந்துவிடும். படத்தில் பார்த்த அரக்கு, கையில் வரும்போது செங்கல் நிறமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மயில்கழுத்து மாதிரி ஷாட் கலர் என்றால் பாவு (நீள நூல்) ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். அது ஒன்றே இரண்டுக்குச் சமம். அதற்கு மாறுபட்ட கரையும் மாறுபட்ட முந்தியும் கேட்டால் நான்கு நிறமாகிவிடும். கரையும் முந்தியும் ஒரே நிறமாக எடுப்பது நல்லது. ஜரிகையையும் மறக்க வேண்டாம். அகலக் கரை முழுக்க ஜரிகை என்றால் தங்கம்தான் உங்கள் மூன்றாவது நிறம். கழுத்து நிறைய நகை போடுகிறவர்களுக்கும் அப்படியே.

ரவிக்கைக்கு மேட்சிங் எடுத்தால் வீட்டுக்கு வந்ததும் வேறு நிறமாகத் தெரிகிறது. ஏன்?

சிக்பேட்டைக் கடையின் உள்ளே எரிவது வெள்ளை எல்இடி. சேலையின் பட்டுச் சாயமும் ரவிக்கைப் பருத்தியின் சாயமும் வேறு வேறு. ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு சாயங்கள் இன்னொரு விளக்கில் பிரிந்து தெரியும். சேலையையும் துணியையும் சேர்த்துக் கடை வாசலுக்கு எடுத்து வந்து பாருங்கள், மேட்சிங் சென்டர்களில் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்கள். வெயில் நேராக விழாத பகல் வெளிச்சம் வேண்டும். துணி மெல்லியதாக இருந்தால் லைனிங்கையும் அடியில் வைத்தே பாருங்கள். வெள்ளை லைனிங் நிறத்தை ஒரு படி வெளிறச் செய்துவிடும்.

சேலையோடு வரும் 80 சென்டிமீட்டர் துண்டை அப்படியே தைக்க வேண்டும் என்றில்லை. உடல் நிறத்தில் தைத்தால் மூன்றாவது நிறம் முந்தியில் மட்டும் தனியாக நிற்கும். கரை நிறத்தில் தைத்தால் மேலும் கீழும் ஒரே நிறம் வந்து சேலை கட்டிப்போட்டாற்போல் அமையும். இரண்டாவதே எங்கள் கட்சி.

கரைச் சாயம் உடலில் இறங்காமல் இருக்க?

ஈரமான வெள்ளைத் துணியால் கரையை உள்பக்கத்தில் 10 தடவை தேயுங்கள். துணியில் நிறம் ஒட்டினால் அந்தச் சேலையை வீட்டில் நனைக்காதீர்கள், பட்டோ பருத்தியோ. ஒட்டாத பருத்தியை முதல் மூன்று துவைப்பு தனியாக, பச்சைத் தண்ணீரில், ஊறப்போடாமல் அலசி, மடிக்காமல் நிழலில் விரித்துக் காயப்போடுங்கள். பெரும்பாலும் சாயம் இறங்குவது மடித்து வைத்த ஈரத்தில்தான்.

அலுவலக உடைக்கு மூன்று நிறம் எப்படி?

பேன்ட் அல்லது பாவாடை ஒன்று, சட்டை ஒன்று, செருப்பும் பெல்ட்டும் சேர்ந்து ஒன்று. தலைமுடியையும் தோலையும் எண்ண வேண்டாம். ஆனால் ஒயிட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் வேலை பார்ப்பவர்கள் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை நாடாவை எண்ணத்தான் வேண்டும். ஒரு பட்டை பளிச் நிறம் நாள் முழுக்க நெஞ்சின் நடுவில் கிடக்கிறது. அதையே எடுப்பு நிறமாக வைத்து மற்ற இரண்டை அடக்கமாக எடுத்தால் தினமும் யோசிக்கும் வேலை மிச்சம்.

மெஸ் திறக்கிறோம். லோகோவுக்கு மூன்று நிறம் முடிவு செய்யும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில் லோகோவை ஒரே கறுப்பில் வரையச் சொல்லுங்கள். பில் மெஷினின் தெர்மல் காகிதத்திலும் ரப்பர் ஸ்டாம்பிலும் அதற்கு மேல் நிறம் வராது. கறுப்பில் பெயர் படிக்க வரவில்லை என்றால் நிறம் சேர்த்தாலும் தேறாது. பிறகு அதைப் போன் திரையில் கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். உணவு டெலிவரி செயலிகளில் அவ்வளவுதான் இடம்.

பாக்கெட்டில் பொடி, முறுக்கு விற்பதாக இருந்தால் சைவக் குறி பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், அசைவக் குறி பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். உங்கள் தொகுப்புக்குப் பொருந்தவில்லை என்று அவற்றின் நிறத்தை மாற்ற முடியாது. பின்னணியிலிருந்து எடுத்துக் காட்ட வேண்டும் என்பதால், பாக்கெட் முழுக்க அடர்பச்சை என்றால் குறிக்கு அடியில் ஒரு வெள்ளைக் கட்டம் விட வேண்டியிருக்கும்.

தவிர்க்க வேண்டிய சேர்க்கை ஏதாவது உண்டா?

அழகில்லாதது என்று எதுவும் இல்லை. வேறு ஏதோ ஒன்றை நினைவுபடுத்துவது உண்டு. காவி, வெள்ளை, பச்சை மூன்றையும் அதே வரிசையில் பட்டையாக வைத்தால் அது தேசியக் கொடி. கொடியை வணிகக் குறியாகப் பயன்படுத்துவதை 1950-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. மேலே மஞ்சள், கீழே சிவப்பு கன்னடக் கொடி. சட்டச் சிக்கலை விடுங்கள், நவம்பர் 1 ராஜ்யோத்ஸவம் வந்தால் தெருவெல்லாம் அந்த இரண்டு நிறம்தான், உங்கள் போர்டை அந்த மாதம் தேட வேண்டும். கறுப்பும் சிவப்பும் மேல்கீழாக இருந்தால் தமிழர் கண்ணுக்குக் கட்சிக் கொடி. நடுவில் வெள்ளை சேர்த்தாலும் தப்ப முடியாது, அது இன்னொரு கட்சி. மேல்கீழ்ப் பட்டையைக் கைவிட்டு, ஒரு நிறத்தைப் பின்னணியாக்கி மற்றதை எழுத்தாக்கினால் இந்தச் சாயல் பெரும்பாலும் போய்விடும்.

கடை போர்டில் கன்னடம் 60 சதவீதம் வேண்டும் என்றால் நிறத்தையும் அப்படிப் பிரிக்க வேண்டுமா?

இரண்டு 60-க்கும் சம்பந்தமில்லை. கர்நாடகத்தில் 2024-இல் திருத்திய சட்டப்படி பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடமாக, மேல்பாகத்தில் இருக்க வேண்டும். நிறம் உங்கள் விருப்பம். ஆனால் இதனால் ஒரு வடிவமைப்பு வேலை கூடுகிறது. கன்னடத்துக்கு எடுப்பாக ஒரு நிறம், தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மங்கலாக இன்னொன்று, போன் நம்பருக்கு மூன்றாவது என்று பிரித்தால் போர்டு சந்தைக்கடை ஆகிவிடும். எல்லா மொழிக்கும் ஒரே எழுத்து நிறம், அளவில் மட்டும் வேறுபாடு என்று வையுங்கள். எடுப்பு நிறம் சின்னத்துக்கோ அடிக்கோட்டுக்கோ மட்டும்.

கன்னடத்தில் ஒத்தெழுத்து, அதாவது ஒரு மெய்யோடு சேர்ந்து வரும் அடுத்த மெய்யின் குறி, வரிக்குக் கீழே தொங்கும். அதற்கு இடம் விடாமல் அடுத்த வரியை ஏற்றினால் இரண்டும் முட்டும். எழுத்தைச் சுற்றி மூன்றாவது நிறத்தில் அவுட்லைன் போடுவது இங்கே பரவலான பழக்கம். தமிழிலும் கன்னடத்திலும் சுழி அதிகம் என்பதால் தூரத்திலிருந்து பார்த்தால் சுழி அடைத்துப்போகும். எழுத்தின் உயரத்துக்கு ஒரு கைக்கணக்கு: 10 அடி தூரத்துக்கு ஒரு அங்குலம். 40 அடி சாலைக்கு அந்தப்புறத்திலிருந்து படிக்க 4 அங்குலமாவது வேண்டும்.

ஃபிளெக்ஸ் வெயிலில் கிடந்தால் மஞ்சளும் மெஜந்தாவும்தான் முதலில் வெளுக்கும், நீலமும் கறுப்பும் மிஞ்சும். பழைய போஸ்டர்கள் நீலம் பூத்துக் கிடப்பதன் காரணம் இதுதான். சிவப்பு அந்த இரண்டு மையும் சேர்ந்து வருவது. மேற்குப் பார்த்த கடைக்குச் சிவப்பு வேண்டும் என்றால் அச்சடித்த ஃபிளெக்ஸை விட்டு, நிறமே ஊறிய வைனல் ஸ்டிக்கர் வெட்டி ஒட்டச் சொல்லுங்கள்.

திரையில் பளிச்சென்று இருந்த ஆரஞ்சு அச்சில் செத்துப்போய் வருகிறதே?

திரை ஒளியைக் கூட்டி நிறம் காட்டுகிறது, அச்சு மையால் ஒளியைக் கழிக்கிறது. பளிச் ஆரஞ்சு, பச்சை, ஊதா ஆகிய மூன்றும் சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மை அச்சுக்கு எட்டாதவை. தீர்வு இரண்டு: ஆரம்பத்திலேயே அச்சுக்குரிய நிற முறையில் பார்த்து நிறத்தைத் தேர்வது, அல்லது தனிக் கலவை மையில் அடிப்பது. தங்க நிறத்துக்கும் இதே கதை. நான்கு மையில் அடித்த தங்கம் கடுகு நிறமாகத்தான் வரும். சுல்தான்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை கொடுப்பவர்கள் ஃபாயில் கேட்டு வாங்குங்கள்.

பெரிய கறுப்புப் பரப்பு சாம்பலாகத் தெரிந்தால் வெறும் கறுப்பு மை மட்டும் போயிருக்கிறது என்று அர்த்தம். சியான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 என்று கொடுத்தால் ஆழம் வரும். சிறிய எழுத்துக்கு இதைச் செய்யவே கூடாது. நான்கு பிளேட்டில் ஒன்று மயிரிழை நகர்ந்தாலும் எழுத்துக்கு நிழல் விழும்.

பத்திரிகையில் இன்னொன்று: நான்கு மூலையிலும் மஞ்சள் தடவப் போகிறீர்கள். வெளிர்நீலக் காகிதத்தில் அது பச்சையாகத் தெரியும்.

பொங்கல் விழாவுக்குக் கறுப்பு டி-ஷர்ட்டில் மூன்று நிறம் அச்சடிக்க எத்தனை ஸ்கிரீன்?

நான்கு. கறுப்புத் துணி மேல் நேராக மஞ்சள் அடித்தால் சேறு மாதிரி வரும், அதனால் அடியில் ஒரு வெள்ளை வேண்டும். வடிவத்தில் வெள்ளையும் ஒரு நிறம் என்றால் அதே ஸ்கிரீனில் முடித்து மூன்றாக்கிவிடலாம். நிறங்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் அரை மில்லிமீட்டர் மேலே ஏறியிருக்கட்டும், இல்லையென்றால் நடுவில் துணி எட்டிப் பார்க்கும். இருபது முப்பது சட்டைக்கு ஸ்கிரீன் செலவு கட்டாது, ஃபிலிமில் அச்சடித்துச் சூட்டில் ஒட்டும் டி.டி.எஃப். ஸ்டிக்கர் முறையே போதும்.

வலைத்தளத்துக்கு எடுத்த மூன்று நிறம் படிக்க வருமா என்று எப்படித் தெரியும்?

எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையேயான ஒளி விகிதம் சாதாரண எழுத்துக்கு 4.5, பெரிய எழுத்துக்கு 3 இருக்க வேண்டும் என்பது உலகளாவிய அணுகல் நெறி. இலவசக் கருவிகளில் இரண்டு நிறத்தின் எண்ணையும் கொடுத்தால் விகிதம் வந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு (எண்கள் வரிசையாகச் சிவப்பு, பச்சை, நீல ஒளியின் அளவு, 0 முதல் 255 வரை). தந்த நிறம் 255-255-240 பின்னணி, டீல் எனப்படும் பச்சைநீலம் 0-128-128 துணை, அம்பர் மஞ்சள் 255-191-0 எடுப்பு. தந்தத்தின் மேல் டீல் 4.7, தேறியது. தந்தத்தின் மேல் அம்பர் 1.6, டீல் மேல் அம்பர் 2.9, இரண்டும் தோல்வி. ஆக அம்பரில் எழுதக் கூடாது. அதைப் பட்டன் நிறமாக்கி அதன் மேல் கறுப்பில் எழுதினால் 12.7.

வெள்ளையில் சுத்தச் சிவப்பு 4.0 தான், மயிரிழையில் தோற்கும். மெரூன் 128-0-0 என்று இறக்கினால் 10.9. சிவப்பு எழுத்து, பச்சைப் பின்னணி (0-128-0) வெறும் 1.3. சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கு அங்கே எழுத்தே இல்லை.

எடுப்பு நிறம் சிவப்பு. தவறு நேர்ந்தால் காட்டும் செய்தியும் சிவப்பு. சிக்கலா?

சிக்கல்தான். "வாங்கு" பட்டனும் "பணம் போகவில்லை" செய்தியும் ஒரே நிறத்தில் இருந்தால் ஆள் பயந்துவிடுவார். எச்சரிக்கைச் சிவப்பு, வெற்றிப் பச்சை இரண்டையும் மூன்றுக்கு வெளியே வையுங்கள். எடுப்பு நிறமாகச் சிவப்பையும் பச்சையையும் தொடாமல் இருப்பது இன்னும் நிம்மதி.

ஹாலுக்கு மூன்று நிறம், எவ்வளவு பெயின்ட் வாங்குவது?

10-க்கு 12 அடி அறை, 10 அடி உயரம். சுற்றுச்சுவர் 440 சதுர அடி. கதவும் ஜன்னலும் கழித்தால் 400. அதில் ஒரு 10 அடிச் சுவர் வேறு நிறம் என்றால் 100, மீதி 300. புட்டி போட்டுத் தேய்த்த சுவரில் எமல்ஷன் ஒரு லிட்டர் இரண்டு கோட்டுக்கு 120 முதல் 140 சதுர அடி வரும். எனவே பெரும்பங்கு நிறம் இரண்டரை லிட்டர், தனிச்சுவர் நிறம் ஒரு லிட்டர், சீலிங்குக்கு ஒரு லிட்டர். அடர்சிவப்பு, மஞ்சள் என்றால் இரண்டு கோட்டில் அடிநிறம் மறையாது. மூன்றாவது கோட் வைத்துக் கணக்கிடுங்கள், அல்லது அதற்கு முன் ஒரு சாம்பல் அடிப்பூச்சு கொடுங்கள்.

ஒரே நிறத்தை இரண்டு டப்பாவாக வாங்கினால் இரண்டையும் பெரிய வாளியில் ஊற்றிக் கலக்கிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். கலவை இயந்திரத்தில் டப்பாவுக்கு டப்பா சிறு வித்தியாசம் இருக்கும், சுவரின் நடுவில் கை மாறினால் கோடு தெரியும்.

தனிச்சுவரின் ஓரம் கத்தி வெட்டினாற்போல் வர: மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப்பின் விளிம்பில் முதலில் பக்கத்துச் சுவரின் நிறத்தையே ஒரு தடவு. அது காய்ந்ததும் புது நிறம். கசிவது எல்லாம் பழைய நிறமாகவே கசியும். கடைசிக் கோட் முழுதாகக் காய்வதற்குள் டேப்பைச் சாய்வாக இழுத்துவிட வேண்டும். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் 4 மணி நேரம், மழைக்காலத்தில் ஓர் இரவு.

ஷேடு கார்டில் பார்த்தது சுவரில் வேறாக இருக்கிறது. இரவில் இன்னும் மோசம்.

கார்டில் உள்ளது அரை அங்குலத் துண்டு. சுவரில் நான்கு பக்கமும் அதே நிறம் ஒன்றையொன்று பிரதிபலித்து ஒரு படி அடர்ந்து தெரியும். மனசுக்குப் பிடித்ததற்கு ஒரு படி மேலே உள்ள வெளிர் ஷேடை எடுங்கள். 2-க்கு 2 அடிக்கு இரண்டு கோட் அடித்து, காலை, மதியம், விளக்கு போட்ட பிறகு என்று மூன்று வேளை பாருங்கள்.

பல்பு பெட்டியில் ஒளியின் நிறத்தைக் கெல்வின் எண்ணில் போட்டிருப்பார்கள். 2700 முதல் 3000 கெல்வின் பல்பு மஞ்சளைக் கூட்டி நீலத்தைச் சாம்பலாக்கும். 6500 கெல்வின் டியூப் சந்தன நிறத்தைப் பச்சை பூத்தாற்போல் காட்டும். 4000 இரண்டுக்கும் நடு. பெட்டியில் சி.ஆர்.ஐ. (நிறத்தை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90 என்று இருந்தால் நிறம் ஓரளவு உள்ளபடி தெரியும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெங்களூருவில் வானம் மூடியே இருக்கும். வடக்கு ஜன்னல் அறையில் அப்போது சாம்பல் சுவர் நீலமாகிவிடும். அங்கே மஞ்சள் சாய்ந்த சாம்பல் எடுக்க வேண்டும்.

அதிகம் நடக்கும் இன்னொரு விபத்து: தரை ஐவரி டைல்ஸ், சுவர் பனிவெள்ளை. சுவர் பளிச்சிட, டைல்ஸ் அழுக்குப் படிந்தாற்போல் தெரியும். டைல்ஸ் மஞ்சள் சாய்ந்தால் வெள்ளையும் மஞ்சள் சாய்ந்ததாகவே இருக்கட்டும்.

வாடகை வீடு. சுவரைத் தொடக்கூடாது.

சுவரையும் தரையையும் சேர்த்து 60 என்று எழுதிக்கொள்ளுங்கள். 30 திரைச்சீலையும் சோஃபா விரிப்பும். கம்பியின் நீளத்தைப்போல் இரு மடங்கு அகலத் துணி எடுத்தால்தான் மடிப்பு விழுந்து நிறம் நிறமாகத் தெரியும். கம்பி நீளத்துக்கே எடுத்தால் பெட்ஷீட் தொங்குவதுபோல் இருக்கும். 10-க்கு மெத்தை உறை, ஒரு விளக்கு, ஒரு படம் என்று அறையின் மூன்று மூலையில் மூன்று பொருள் போதும். ஒரே இடத்தில் குவித்தால் அது பொருளாகத் தெரியுமே ஒழிய நிறமாகத் தெரியாது.

வாஸ்துப்படி ஒரு சுவருக்கு ஒரு நிறம் சொல்கிறார்கள்.

சொன்ன நிறத்தை 10 பங்கில் வைத்துவிடுங்கள். அந்தத் திசையில் ஒரு திரை, ஒரு படச்சட்டம். பெரியவர்களுக்கும் திருப்தி, அறையும் தப்பியது.

கல்யாண மேடைக்கு மூன்று நிறம் சொன்னால் ஆறு வருகிறது.

கே.ஆர். மார்க்கெட்டிலிருந்து வரும் பூவோடு இலையும் வரும். வாழை, மாவிலை, தோரணம் என்று பச்சை சொல்லாமலே வந்து உட்காரும். எனவே பச்சையை மூன்றில் ஒன்றாகவே எழுதிக்கொள்ளுங்கள். மல்லிகை வெள்ளை இரண்டாவது. மூன்றாவதாகச் சாமந்தி மஞ்சளோ கனகாம்பர ஆரஞ்சோ, ஏதாவது ஒன்று. மணப்பெண்ணின் சேலை நிறத்தைப் பின்திரைக்கு வைக்காதீர்கள், போட்டோவில் தலை மட்டும் மிதக்கும்.

விளக்குக்காரரிடம் ஊதா ஒளி வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். மஞ்சள் பூ சிவப்பையும் பச்சையையும் சேர்த்துத் திருப்பி அனுப்புவதால்தான் மஞ்சள். ஊதா ஒளியில் பச்சை இல்லை. ஆயிரக்கணக்கில் செலவழித்த சாமந்தி காய்ந்த சருகு நிறத்தில் நிற்கும்.

வெளிச்சுவருக்கு?

பளிச் சிவப்பும் மஞ்சளும் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். செம்மண், காவி மஞ்சள் போன்ற ஆக்சைடு நிறங்கள் தாங்கும். அடர்நிறத்தில் ஈரம் கசிந்தால் வெள்ளை உப்புப் பூத்துத் துல்லியமாகத் தெரியும். ஆகையால் அடர்நிறத்தை ஜன்னல் சட்டம், கேட் என்று உலோகத்துக்கு விடுங்கள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு கீறலுக்கு டச்-அப் செய்ய அதே நிறம் கிடைக்குமா?

குறித்து வைத்திருந்தால் கிடைக்கும். டப்பா மூடியில் ஒட்டும் சீட்டைப் போட்டோ எடுங்கள். அதில் ஷேடு எண், பேஸ் எண், பேட்ச் எண் மூன்றும் இருக்கும். மேட்டா, சாட்டினா என்பதையும் எழுதுங்கள், ஒரே ஷேடு மினுமினுப்பு மாறினால் வேறு நிறம். ஒவ்வொரு நிறத்திலும் 200 மில்லியை விளிம்பு வரை நிரம்பும் சிறிய பாட்டிலில் ஊற்றி இறுக்கி மூடி வையுங்கள். பாதி காலியான டப்பாவில் காற்று நின்று ஏடு கட்டிவிடும். அப்படி வைத்திருந்தாலும், வெயில் பட்ட சுவரில் ஒட்டுப்போட்ட இடம் தனியாகத் தெரியும். அங்கே மூலைக்கு மூலை அந்தச் சுவர் முழுவதையும் ஒரு கோட் அடித்துவிடுவதுதான் வழி.